என் நோட்ஸ் ஏன் இங்கிலீஷில் பேசியது?

வணக்கம். கேமரா கொஞ்சம் ஆடும், போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் உதவ வேண்டிய சம வாய்ப்பு மையத்தின் பொறுப்பாசிரியர் என்று போன வீடியோவில் சொன்னேன் அல்லவா? அங்கே என்னதான் வேலை என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் பெரிதாக ஒன்றும் இல்லை. பலகை மாட்டினோம், கூட்டம் போட்டோம், மினிட்ஸ் எழுதினோம், சமோசா சாப்பிட்டோம். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு ஒரு சிறப்புரை. போட்டோ, கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் தரும் 'நாக்' அமைப்புக்குக் காட்டும் ஃபைலுக்குப் போய்விட்டது.

அப்புறம் ஒருநாள் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். பார்வையற்றவர். "மேடம், உங்க குறுந்தொகை நோட்ஸ் எனக்கு இங்கிலீஷ்ல படிக்குது" என்றார்.

அவர் பயன்படுத்துவது என்விடிஏ, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள். என் நோட்ஸ் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. நாற்பது பக்கமும் அப்படியே. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அரை நிமிடம்கூடக் கேட்க முடியவில்லை. அவர் ஒரு செமஸ்டர் முழுக்கக் கேட்டிருக்கிறார்.

கணினிக்குள்ளும் தமிழைத் தமிழாகவே வைக்கும் முறை யூனிக்கோடு. அதைத் தமிழ்நாடு அரசு 2010லேயே தரமாக அறிவித்துவிட்டது. பழகிய விரல் மாற மாட்டேன் என்றது, நானும் விட்டுவிட்டேன். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

சரி, பாமினியை யூனிக்கோடாக்கும் மாற்றி மென்பொருளில் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஔவையார் வந்தார். பழைய எழுத்துருவில் 'ஔ' என்பதை 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு அடிப்போம். யூனிக்கோடுக்கு மாறியபோது அவர் ஒ-ள-வையார் ஆகிவிட்டார். பார்த்தால் வித்தியாசமே தெரியாது, காதுக்கு உடனே தெரியும். கௌரவத்துக்கும் இதே கதி! ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள் சேர்க்கையில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். கூட்டங்களில் அந்த 5 சதவீதத்தைப் பற்றித்தான் பேசுவோம். சேர்ந்த பிள்ளை எதை வைத்துப் படிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

தேர்வு அறையிலும் இதே கதைதான். சொல்வதை எழுதுபவரை வைத்துத் தேர்வு எழுதினால் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வென்றால் நான்கு மணி நேரம். ஆனால் மணி அடித்ததும் மேற்பார்வையாளர் கை விடைத்தாளுக்கு நீண்டுவிடும். அதனால் விதியின் நகலை இப்போது பையிலேயே வைத்திருக்கிறேன், குடை மாதிரி.

இந்த வேலைக்குப் பதவி உயர்வில் பெரிய மதிப்பெண் எல்லாம் கிடையாது. மினிட்ஸுக்குக் கிடைக்கும்.

இப்போது மூன்றாவது அலகை மாற்றிக்கொண்டிருக்கிறேன். என் மெய்ப்புத் திருத்துநர் அந்த மாணவர்தான். நேற்று இரவு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார்: "மேடம், பன்னிரண்டாம் பக்கத்துல ஒ-ள-வையார் திரும்ப வந்துட்டாங்க."