எழுதாமல் விட்ட இரண்டு
(சனசமூக நிலையமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். உள்ளே வரும்போது வாசலில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுத் தந்திருப்பார்கள். மாங்கனித் தீவு என்றொரு நாடு. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அந்த நாட்டுக்கு இன்று ஜனாதிபதித் தேர்தல். வேட்பாளர்கள் நான்கு பேர், எல்லாம் மாம்பழங்கள்: கறுத்தக்கொழும்பான், அம்பலவி, விலாட்டு, செம்பாட்டான். நீங்கள் போட்ட சீட்டுகளைத் தம்பிமார் பின்னால் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். முடிவு வரும்வரை நம்முடைய இலங்கைத் தீவின் கதையைப் பேசுவோம்.

2024 செப்டெம்பர் 21. 39 பேர் வேட்புமனுக் கொடுத்து, ஒருவர் இடையில் காலமாகி, 38 பேர் களத்தில் நின்ற தேர்தல். வாக்குச்சீட்டின் நீளம் 27 அங்குலம். நம்முடைய கணக்கில் ஒன்றரை முழம். மறைப்புக்குள் அதை விரித்தபோது ஒரு முனை மேசைக்குக் கீழே தொங்கியது. வேட்டிக்கரை பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு பெயரைத் தேடினேன். 1, 2, 3 என்று மூன்று பேரை விருப்ப வரிசையில் எழுதலாம். அவ்வளவு பெரிய கடதாசியில் கடைசியில் எழுதியது ஒரேயொரு கோடு, 1. மடித்துப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். ஆம், இன்று உங்களுக்குப் புத்தி சொல்ல வந்திருக்கிற நானும் அப்படித்தான் செய்தேன்.

அடுத்த நாள் எண்ணிப் பார்த்தால் அனுர குமார திசாநாயக்கவுக்கு 56 இலட்சத்து 34 ஆயிரம் வாக்கு, 42.31 வீதம். சஜித் பிரேமதாசவுக்கு 43 இலட்சத்து 63 ஆயிரம், 32.76 வீதம். முதல் எண்ணிக்கையில் வெல்லப் பாதியைத் தாண்ட வேண்டும், ஒருவரும் தாண்டவில்லை. 1982 தொடக்கம் அதுவரை எட்டு ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்திருந்தன. எட்டிலும் முதல் எண்ணிக்கையிலேயே கதை முடிந்துவிட்டது. 2005இல் மட்டும் மயிரிழை. மகிந்த ராஜபக்ஷ எடுத்தது 50.29 வீதம், பாதிக்கு மேலே வெறும் 28 ஆயிரம் வாக்குச் சொச்சம். அந்த முறை புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. அந்தக் கதையைத் தொட்டால் விடிந்துவிடும், விடுவோம்.

ஒன்பதாவது தேர்தலில்தான் விருப்புவாக்கை, அதாவது சீட்டில் எழுதிய 2, 3ஐ, எண்ண வேண்டி வந்தது. அது என்ன செய்கிறது? முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் வெளியே. வெளியே போனவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளை மட்டும் திரும்ப எடுக்கிறார்கள். அதில் 2 யாருக்கு என்று பார்க்கிறார்கள். மிஞ்சிய இருவரில் ஒருவருக்கென்றால் அவர் கணக்கில் சேரும். அந்த 2உம் வெளியே போன ஆளுக்கென்றால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையா, சீட்டு அத்தோடு ஓய்ந்தது.

எங்கள் பெரியம்மா அங்கே முன்வரிசையில் இருக்கிறா. அவவிடம் அன்றே கேட்டேன், ஏன் பெரியம்மா 2 போடவில்லை என்று. "இரண்டாவது ஆளுக்கும் போட்டால் என்ர ஆளின்ர வாக்குக் குறைஞ்சு போகுமெல்லோ?" என்றா. பெரியம்மா, குறையாது. உங்கள் ஆள் களத்தில் நிற்கும்வரை அந்த 2ஐ ஒருவரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அவர் விழுந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும்.

சரி, எத்தனை சீட்டுக்கு உயிர் வந்தது? வெளியே போன 36 பேருக்கும் விழுந்தவை 33 இலட்சத்து 21 ஆயிரம். அதிலிருந்து அனுரவுக்குப் போனது 1 இலட்சத்து 5 ஆயிரம். சஜித்துக்கு 1 இலட்சத்து 68 ஆயிரம். அவ்வளவுதான். பன்னிரண்டு சீட்டுக்கு ஒன்று. மிச்சம் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் கடைசிச் சுற்றில் வாயே திறக்கவில்லை. அனுரவுக்கு 55.89 வீதம் என்று பிறகு சொன்னார்களே, அது மிஞ்சிய இருவருக்குள் போட்ட கணக்கு. செல்லுபடியான எல்லா வாக்கிலும் பார்த்தால் 43 வீதம்தான்.

முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் இருவருக்கும் இடையில் 12 இலட்சத்து 71 ஆயிரம் வித்தியாசம், சின்னப் பள்ளமில்லை. ஆனால் பக்கத்து மாலைதீவைப் பாருங்கள். அங்கே பாதி வராவிட்டால் இன்னொரு நாள் மறுபடி வாக்குச்சாவடிக்குப் போக வேண்டும். 2008இல் முப்பது வருடம் ஆண்ட அப்துல் கயூம் முதல் சுற்றில் 40 வீதத்தோடு முன்னுக்கு நின்றார். இருபது நாள் கழித்து இரண்டாம் சுற்றில், எதிர்த்து நின்ற நஷீத்திடம் தோற்றார். நமக்கு அந்த இரண்டாம் நாள் செலவில்லாமல் அதே கடதாசியில் கிடைக்கிறது. நாம்தான் அந்த நாளில் வாக்களிக்கப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டோம்.

அயர்லாந்துக்காரர் அப்படி இருப்பதில்லை. 1990 ஜனாதிபதித் தேர்தலில் பிரையன் லெனிஹன் 44 வீதம், மேரி ரொபின்சன் 39 வீதம். மூன்றாவதாக வந்தவரின் 2 இலட்சத்து 67 ஆயிரம் சீட்டுகளை, அவற்றில் இருந்த 2ஐப் பார்த்துப் பிரித்தார்கள். ரொபின்சனுக்கு 2 இலட்சத்து 5 ஆயிரம், லெனிஹனுக்கு 36 ஆயிரம். பத்தில் ஒன்பது சீட்டு பேசியது. இரண்டாவதாக நின்ற பெண், அந்த நாட்டின் முதல் பெண் ஜனாதிபதியானார்.

நம்மிடத்தில் ஏன் இல்லை? எந்த மேடையிலும் ஒரு வேட்பாளர் "எனக்கு 1 போட மனமில்லாவிட்டால் 2ஆவது போடுங்கள்" என்று கேட்டு நான் கேட்டதில்லை. கேட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். வீம்பு அவர்களுக்கு, நட்டம் நமக்கு. அதே 2024 தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளருக்கு 2 இலட்சத்து 26 ஆயிரம் பேர் வாக்களித்தார்கள். அவர் வெல்லமாட்டார் என்று தெரிந்தே, ஒரு சேதி சொல்லப் போட்ட வாக்கு. அந்தச் சேதியையும் சொல்லி, அதே சீட்டில் கொழும்பில் யார் இருப்பது என்றும் சொல்லியிருக்கலாம். இருவரையும் பிடிக்காதவர் வெறுமையாக விடுவது அவர் உரிமை, அதில் நான் குறை காணவில்லை. தெரியாமல் விட்டவர்களைத்தான் சொல்கிறேன். அப்புறம் இன்னொன்று: 2 போடுவதென்றால் முதலாவதும் இலக்கமாகவே இருக்கட்டும், புள்ளடியோடு, அதாவது × குறியோடு, கலக்காதீர்கள்.

முடிவு வந்துவிட்டதா தம்பி? கொண்டு வாருங்கள். கறுத்தக்கொழும்பான் 17, அம்பலவி 12, விலாட்டு 7, செம்பாட்டான் 4. பாதி தாண்டவில்லை. வெளியே போன இருவரின் 11 சீட்டில் 2 எழுதியவை இரண்டே இரண்டு, ஆளுக்கொன்று. 18க்கு 13. பார்த்தீர்களா?

இப்போது புதுச் சீட்டுத் தருவார்கள். 1ஐ மாற்றாதீர்கள். 2, 3 மட்டும் போடுங்கள்.

...எண்ணியாயிற்றா? 11 சீட்டில் அம்பலவிக்கு 9, கறுத்தக்கொழும்பானுக்கு 1. ஒன்று இன்னும் வெறுமை. பெரியம்மா சிரிக்கிறா. ஆக அம்பலவி 21, கறுத்தக்கொழும்பான் 18. மாங்கனித் தீவின் ஜனாதிபதி அம்பலவி.

பின்வரிசையில் கறுத்தக்கொழும்பான் ஆட்கள் எழும்பிவிட்டார்கள். திரும்ப எண்ணச் சொல்கிறார்கள். எண்ணுவோம், தேத்தண்ணி வந்திருக்கிறது, குடித்துவிட்டு எண்ணுவோம்.