திங்கக்கிழமை காலைல ஆறரை மணி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சீரியல் முடிஞ்சதுக்கா இவ்ளோ அழுவீங்கன்னு கேக்குறவங்க எங்க வீட்லயே இருக்காங்க, அவங்களுக்கு பதில் சொல்லத்தான் இந்த மைக்க வாங்கினேன்.

கேம் ஆஃப் த்ரோன்ஸ், புத்தகத்த வச்சு எடுத்த அமெரிக்க சீரியல். 2011ல ஆரம்பிச்சு 2019 மே மாசம் முடிஞ்சுது, 73 எபிசோட். ஏழாவது சீசன் முடிஞ்சு எட்டாவது வர்றதுக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த நேரம் பூரா ரெடிட்ங்கற இணைய விவாத தளத்துல ரசிகர்கள் ஆளாளுக்கு ஒரு முடிவு எழுதிட்டிருந்தாங்க. கதையோட ஹீரோக்கள்ல ஒருத்தன் ஜான் ஸ்னோ, அவனோட அப்பா அம்மா யாருங்கறத சீரியல் சொல்றதுக்கு பல வருஷம் முன்னாடியே புத்தகத்துல இருந்த துப்ப வச்சு கண்டுபிடிச்ச ஆளுங்க இவங்க, அவங்ககிட்ட போய் ஆறே எபிசோட்ல அவசர அவசரமா கதைய கட்டி முடிச்சா மனசு ஆறுமா? கதைல வர்ற ராணி டெனேரிஸோட பட்டம் கலீஸி, 2018ல மட்டும் அமெரிக்காவுல 500 பொண்ணு குழந்தைங்களுக்கு மேல அந்த பேர வச்சிருந்தாங்க. அடுத்த வருஷம் கதைல டெனேரிஸ் ஒரு ஊரையே எரிச்சுட்டா. அந்த அப்பா அம்மாவ நெனச்சு பாருங்க.

எட்டாவது சீசன திரும்ப எடுங்கன்னு ஒரு மனு, கடைசி எபிசோட் வர்றதுக்குள்ளயே 10 லட்சம் கையெழுத்து தாண்டிருச்சு. திரும்ப எடுக்கல. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. டெனேரிஸா நடிச்ச எமிலியா கிளார்க் தன் மூளைல ரெண்டு தடவ ரத்தக்குழாய் பிரச்சனை வந்து பொழச்சத 2019 மார்ச்லதான் வெளிய சொன்னாங்க, மூளைக்காயத்துலேர்ந்து மீண்டு வர்றவங்களுக்காக சேம்யூன்னு ஒரு அமைப்பும் ஆரம்பிச்சிருந்தாங்க. முடிவு மேல பயங்கர கோவத்துல இருந்த அதே ரெடிட் கூட்டம்தான் அதுக்கு நிதி திரட்டி குடுத்துச்சு. அந்த கோவம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

நம்ம ஊர்ல அந்த சீரியல் திங்கக்கிழமை காலைல ஆறரைக்கு ஹாட்ஸ்டார்ல வரும். நாங்க ஒன்பது பேர் ஒரு வாட்ஸப் குரூப், ஆறேகாலுக்கே ஒருத்தர் "எந்திரிச்சாச்சா"ன்னு போடுவாரு. எல்லாம் முடிஞ்ச அடுத்த திங்கக்கிழமையும் எனக்கு அலாரம் அடிச்சுது, ஆஃப் பண்ண மறந்துட்டேன், போன எடுத்து பாத்தா அதே மெசேஜ் வந்திருக்கு. பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஒன்பது பேரும் பதில் போட்டிருந்தோம்.