கோப்பைதான் கதவைத் திறக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "கால்பந்துக்கு உயிரூட்டுவது லீக் போட்டியா, நாக் அவுட் கோப்பையா?" என்ற தலைப்பில், கோப்பையே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "பருவம் முழுவதும் ஆடினால்தான் தரம் தெரியும், தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட் வெற்றி ஒருநாள் அதிர்ஷ்டம்" என்றார். அவரை, பெரிய அணிகளும் சின்ன அணிகளும் ஒன்றாக மோதும் பிரெஞ்சுக் கோப்பையின் 1999-2000 பருவத்துக்கு அழைத்துப் போகிறேன்.

கலே பிரான்சின் ஒரு துறைமுக நகரம். அதன் அணி அப்போது பிரெஞ்சு லீக் அடுக்குகளில் மேலிருந்து நான்காம் நிலையில் இருந்த அமெச்சூர் அணி. ஆசிரியர், அலுவலக ஊழியர், துறைமுகத் தொழிலாளி என்று ஆளுக்கொரு பிழைப்பு உள்ளவர்கள் ஆடினார்கள். அவர்கள் லில் அணியைப் பெனால்டியில் வெளியேற்றினார்கள். கான் அணியையும் அப்படியே. காலிறுதியில் முதல் நிலை அணியான ஸ்ட்ராஸ்பூர் வீழ்ந்தது. அதிர்ஷ்டம் இப்படி வரிசையில் நின்றா வரும்?

அரையிறுதியில் எதிரே நின்றது பொர்தோ, 1999-இன் பிரெஞ்சு லீக் சாம்பியன்! தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் கலே முந்தியது, பொர்தோ சமன் செய்தது. களைத்துப் போயிருக்க வேண்டியவர்கள் யார்? பகுதிநேர ஆட்டக்காரர்கள்தானே? அவர்கள்தான் மேலும் இரண்டு கோல் போட்டு 3-1 என்று வென்றார்கள். ஐயா, இது அதிர்ஷ்டமல்ல, நெஞ்சுரம்.

2000 மே 7, ஸ்தாத் து பிரான்ஸ் அரங்கில், முதல் நிலை அணியான நாந்துவுடன் இறுதியாட்டம். 34-ஆம் நிமிடத்தில் துதித்ர் கோல் அடித்துக் கலேயை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். இடைவேளைக்குப் பின் நாந்து அணியின் சிபியெர்ஸ்கி சமன் செய்தார். கடைசி நிமிடத்தில், இன்றும் சர்ச்சைக்குரிய ஒரு பெனால்டியில் அவரே வெற்றி கோலையும் அடித்தார். கலே தோற்றது. ஆனால் நாந்து அணித் தலைவர் லாந்த்ரோ என்ன செய்தார் தெரியுமா? இருபது வயது இளைஞர் அவர். கலே அணித் தலைவர் பெக்கை அழைத்து, இருவருமாகக் கோப்பையைத் தூக்கினார்கள். எந்த லீக் பட்டியலாவது முதல் நிலை அணித் தலைவரையும் நான்காம் நிலை அணித் தலைவரையும் ஒரே கோப்பையைப் பிடிக்க வைத்திருக்கிறதா?

"அந்தக் கலே கிளப் 2017-இல் கலைக்கப்பட்டுவிட்டதே" என்று எதிரணி கேட்கலாம். உண்மைதான், எனக்கும் அது வலிக்கிறது. ஆனால் அதைச் சாய்த்தது பண நெருக்கடி, கோப்பை அல்ல. அந்தப் பயணத்தின் நினைவாகப் பெயர் சூட்டப்பட்டு 2008-இல் திறக்கப்பட்ட மைதானம் கலேயில் இருக்கிறது.

இந்தக் கோப்பையின் விதியையும் பாருங்கள். தன்னோடு மோதும் அணியைவிடக் குறைந்தது இரண்டு நிலை கீழே உள்ள அணி, குலுக்கலில் வெளியூர் அணியாக வந்தாலும், ஆட்டம் அதன் ஊருக்கே மாற்றப்படும். பெரிய அணி சின்ன ஊருக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும்! அந்த ஊர்ப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த வீரர்களைக் கம்பி வேலியோரம் நின்று பார்ப்பார்கள்.

லீக் வழியாகப் போயிருந்தால், பொர்தோவை எதிர்கொள்ளக் கலே அடுத்தடுத்து மூன்று முறை நிலை உயர்ந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் உழைத்துக்கொண்டே ஆடிய அந்த வீரர்களுக்கு அவர்களுடைய ஆட்டக் காலத்திற்குள் அந்த ஓர் இரவை லீக் எப்படிக் கொடுத்திருக்கும்? எதிரணி நண்பர் பதில் சொல்லட்டும்.