மிதவை இல்லாத கூண்டு: விதிவிலக்கு அனுமதியில் நடக்கும் கடற்சோதனை

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், மாசசூசெட்ஸ், மெய்ன் மாநிலக் கடலில் சிங்கி இறால் பிடிப்பவர்கள் கம்பிக் கூண்டுகளைக் கடலடியில் இறக்குகிறார்கள். நம் கரைச் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது. அங்கே அகப்படுவதற்கு இரண்டு பெரிய கொடுக்குகள் உண்டு. கரையை விட்டு விலகிய ஆழத்தில் கூண்டுகளைத் தனித்தனியாகப் போடுவதில்லை. இருபது, முப்பது கூண்டுகளை ஒரே அடிக்கயிற்றில் கோத்து வரிசையாக இறக்குவார்கள். வரிசையின் இரண்டு முனையிலிருந்தும் முனைக்கொரு கயிறு செங்குத்தாக மேலே போகும். அதன் தலையில் மிதவை. நாள் கழித்து வந்து மிதவையைப் பிடித்து, கயிற்றை வின்ச்சில் கொடுத்து, கூண்டுகளை ஏற்றிக்கொள்வார்கள்.

அந்தச் செங்குத்துக் கயிறுதான் சிக்கல். வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் என்ற இனத்தில் இன்று 400க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. வாயைத் திறந்தபடி நீந்தி, நுண்ணிய கடலுயிர்களை வடிகட்டி உண்ணும் விலங்கு அது. திறந்த வாயில் கயிறு நுழைந்ததும் உடலைச் சுழற்றும். கயிறு துடுப்பிலும் வாலிலும் சுற்றிக்கொள்ளும். இந்த இனத்தில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றின் உடலில், ஒரு முறையாவது கயிற்றில் சிக்கிய தழும்பு இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் மட்டும் கனடா, அமெரிக்கக் கடல்களில் 17 திமிங்கிலங்கள் இறந்து கிடந்தன. கயிறும் கப்பல் மோதலும்தான் முதன்மைக் காரணங்கள்.

விதிகள் படிப்படியாக இறுகின. மிதக்கும் அடிக்கயிறு போய், 2009இல் மூழ்கும் கயிறு கட்டாயமானது. 2022இல் செங்குத்துக் கயிற்றில் 1,700 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 770 கிலோ விசையில் அறுந்துவிடும் பலவீனமான பகுதிகள் வேண்டும் என்றார்கள். மாசசூசெட்ஸ் கரையோரத்தில் பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கூண்டுத் தொழிலுக்கு ஏற்கெனவே தடை இருந்தது. 2021இல் வந்த திருத்தம் இந்தத் தடையின் வாசகத்தை மாற்றியது. முன்பு தடுக்கப்பட்டது மீன்பிடிப்பு. இப்போது தடுக்கப்படுவது நீரில் நிலையாக நிற்கும் மிதவைக்கயிறு. கயிறு இல்லாமல் கூண்டை எடுக்கத் தெரிந்தவருக்கு ஒரு கதவு திறந்தது.

ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னொரு பூட்டு இருந்தது. மூன்றுக்கு மேற்பட்ட கூண்டுகள் கொண்ட வரிசைக்கு மேற்கு முனையில் ரேடார் பிரதிபலிப்பானும் கொடியும், கிழக்கு முனையில் ரேடார் பிரதிபலிப்பானும் நீர்மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிக் கடலின் விதி. கயிறே இல்லாதபோது கொடியை எங்கே நட்டுவைப்பது? திமிங்கில விதியைக் காத்தால் அடையாள விதி உடைகிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் விதிவிலக்கு மீன்பிடி அனுமதி.

இந்த அனுமதியைச் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கட்டுப்பாடுதான் அதிகம். தொடங்க விரும்பும் நாளுக்குக் குறைந்தது 60 நாள் முன்னதாகத் தேசிய கடல் மீன்வளச் சேவையின் வட்டார அலுவலகத்தில் விண்ணப்பம் சேர வேண்டும். நோக்கம் என்ன, எந்தப் படகுகள், எந்த இடம், எந்த மாதம், என்ன கருவி, எவ்வளவு பிடிபடும், எந்த விதியிலிருந்து விலக்கு என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். அரசிதழில் அறிவிப்பு வெளியாகும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 15 முதல் 45 நாள். அனுமதி கிடைத்தாலும் வழக்கமாக ஓராண்டுக்கு மேல் செல்லாது. இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. தாள் படகிலேயே இருக்க வேண்டும். பெயர் குறிப்பிட்ட விதிக்கு மட்டுமே விலக்கு. கூண்டு எண்ணிக்கை, இறாலின் குறைந்தபட்ச அளவு, முட்டையுள்ள இறாலைத் திரும்ப விடுவது எல்லாம் அப்படியே நிற்கும். விண்ணப்பத்தில் எழுத மறந்த ஒரு விதியை மீறினால் அது குற்றம்தான். ஆகவே விண்ணப்பம் எழுதுகிறவர் விதிப்புத்தகத்தை வரி வரியாகப் பார்த்து, தன் கருவி எந்தெந்த இடத்தில் இடிக்கிறது என்று முதலில் பட்டியல் போட வேண்டும்.

இனி கருவிக்கு வருவோம். மூன்று வகை. முதல் வகையில் மிதவையும் கயிறும் ஒரு கூடைக்குள் அடைபட்டுக் கடலடியில் கிடக்கும். மேலிருந்து ஒலிக்குறி போனதும் கொக்கி விடும், மிதவை கயிற்றோடு எழும். இரண்டாவதில் கயிறு மிதக்கும் உருளையில் சுற்றியிருக்கும். உருளை அவிழ்ந்தபடி மேலே வரும். மூன்றாவதில் கயிறே இல்லை. அழுத்தக் காற்று உருளை ஒரு பையை ஊதும். பை முனைக்கூண்டைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். உட்ஸ் ஹோலில் இருக்கும் வடகிழக்கு மீன்வள அறிவியல் மையம் இந்தக் கருவிகளை நூலகம் போல இரவல் தருகிறது. மீனவர் விலை கொடுத்து வாங்கிச் சோதிக்க வேண்டியிருந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒரு அலகே சில ஆயிரம் டாலர்.

கடலில் வேலை இப்படி நடக்கும். புறப்படுமுன் தளத்திலேயே ஒவ்வொரு அலகையும் ஒரு முறை விடுவித்துப் பார்க்க வேண்டும். பேட்டரி அளவையும் அலகின் அடையாள எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். எண் மாறினால் வேறொரு வரிசையின் மிதவை எழும். கூண்டு நீரில் விழும்போது ஜிபிஎஸ் நிலையைப் பதிய வேண்டும். கூண்டு நேராக இறங்காது, நீரோட்டம் தள்ளிக்கொண்டு போகும் என்பதை மறக்கக் கூடாது. 30 பாகம் (ஏறக்குறைய 55 மீட்டர்) ஆழத்தில் அந்த விலகல் தேடலைத் திசைதிருப்பப் போதும். எடுக்க வரும்போது இன்ஜினின் சுழலியை நிறுத்தி, ஒலியை அனுப்பி வாங்கும் கருவியைப் படகின் அடிக்குக் கீழே போகும்படி இறக்கி, முதலில் தூரத்தைக் கேட்க வேண்டும். தண்ணீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைச் சொல்லும். அதற்குப் பிறகே விடுவிக்கும் கட்டளை. எழுந்துவரும் மிதவை சுழலியில் மாட்டாதபடி படகு ஒதுங்கியே நிற்க வேண்டும்.

கோளாறு எங்கே வரும்? பெரும்பாலும் மின்னணுவில் அல்ல, கயிற்றை மடித்து அடைப்பதில். அவசரத்தில் திணித்த கயிறு கூடைக்குள்ளேயே முடிச்சாகும். கொக்கி விட்டாலும் மிதவை பாதி வழியில் நின்றுவிடும். வரிசை வரிசையாக எடுத்துப் போடும் நாளில் ஒவ்வொரு மறு அடைப்புக்கும் கூடுதலாகும் சில நிமிடங்கள் சேர்ந்து அன்றைய பிடிப்பையே குறைத்துவிடும். அந்த நிமிடங்களைக் கணக்கெடுக்காத சோதனை அறிக்கையால் மீனவருக்குப் பயனில்லை. மூடியின் கீலில் சேறும் மணலும் அடையும். நாள்பட்டுக் கிடந்தால் பாசியும் கொட்டலசும் கொக்கியைப் பிடித்துக்கொள்ளும். நீரோட்டம் வலுத்த நேரத்தில், கயிற்றின் நீளம் போதாவிட்டால் மிதவை நீர்மட்டத்துக்குக் கீழேயே இழுபட்டு நிற்கும். கருவி வேலை செய்தும் கண்ணுக்குப் படாது. வேகம் தணியும்வரை காத்திருக்க வேண்டும். பாறை மேட்டுக்குப் பின்னால் கிடக்கும் அலகுக்கு ஒலி எட்டாது. படகை வேறு பக்கம் கொண்டுபோய்க் கேட்க வேண்டும்.

காற்றுப் பையில் சிக்கல் வேறு. 60 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஏழு மடங்கு. அங்கே ஊதிய காற்று மேலே வர வர ஏழு மடங்காக விரியும். மிஞ்சும் காற்றை வெளியேற்றும் வால்வு அடைத்தால் பை கிழியும்.

எதுவும் எழாவிட்டால் பாதாளக் கரண்டிதான். கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற அதே வேலை. வரிசை கிடக்கும் திசைக்குக் குறுக்காகக் கொக்கியை இழுத்து அடிக்கயிற்றைப் பிடிக்க வேண்டும். வரிசையை எந்தத் திசையில் போட்டோம் என்ற குறிப்பு இல்லாவிட்டால் குறுக்கு எது, நீளம் எது என்றே தெரியாது. இதனால்தான் தடையில்லாக் கடலில் சோதிக்கும்போது ஒரு முனையில் மட்டும் புதுக்கருவியைப் பொருத்தி, மறுமுனையில் பழைய மிதவையை விட்டுவைப்பது உண்டு. தடைப்பகுதியில் அந்த வசதி கிடையாது.

எடுப்பதெல்லாம் பயிற்சியால் சீராகும். எனக்கு அதைவிடக் கடினமாகப் படுவது வேறொன்று. மிதவை கூண்டை எடுக்க மட்டும் இல்லை. இங்கே என் கூண்டு கிடக்கிறது என்று மற்றப் படகுக்குச் சொல்வதும் அதுதான். அது மறைந்ததும் இழுவைமடிக்காரரும், சிப்பி வாரும் படகுக்காரரும் தெரியாமல் வரிசையின் மேல் இழுத்துக்கொண்டு போவார்கள். இருவருக்கும் நட்டம், கிழிந்த வலையும் காணாமல் போன கூண்டுகளும் மிஞ்சும். எனவே கூண்டின் இருப்பிடத்தைத் திரையில் காட்டும் மின்னணு அடையாளமும் சோதனையின் பகுதியாயிற்று. அதிலும் கேள்விகள் உண்டு. ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு நிறுவனத்துடையது. ஒன்றின் குறியை இன்னொன்றின் திரை படிக்க வேண்டும். படிக்கும் உரிமை யாருக்கு? எல்லோருக்கும் காட்டினால், பரம்பரையாகக் காத்த இடம் ஒரே நாளில் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மீனவர் அஞ்சுகிறார். அருகில் வரும் படகுக்கு மட்டும் காட்டலாம் என்றால், அந்தப் படகில் திரை இருக்க வேண்டும், அது திறந்திருக்க வேண்டும். ரேடார் பிரதிபலிப்பானுக்கு இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. ரேடார் வைத்த எந்தப் படகுக்கும் அது தெரியும்.

அதனால் சோதனைப் பதிவேட்டில் ஒவ்வொரு எடுப்புக்கும் சில கட்டங்கள் கட்டாயம்: முதல் கட்டளையிலேயே எழுந்ததா, எத்தனை நிமிடம் ஆயிற்று, எழாவிட்டால் காரணம் என்ன, கரண்டி போட்டு எடுத்தார்களா, இன்னொருவர் வலையோடு மோதல் நேர்ந்ததா, திரையில் காட்டிய இடத்துக்கும் கிடந்த இடத்துக்கும் எவ்வளவு விலகல். எழாத நாட்களை விட்டுவிட்டு எழுந்த நாட்களை மட்டும் எழுதிய பதிவேடு, அடையாள விதியைத் திருத்த உதவாது.

2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 2021 விதிகளே 2028 டிசம்பர் 31 வரை போதும் என்றது. அந்த நாளுக்குள் இந்தப் பதிவேடுகளில் சேரும் எண்களை வைத்துத்தான், நீர்மட்டக் கொடிக்குப் பதிலாகத் திரையிலுள்ள புள்ளியை ஏற்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.