வரைவை எங்கள் மொழியில் தாருங்கள்

(யாழ்ப்பாணத்தில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த சனசமூக நிலையத் தலைவர் அவர்களே, கிளிநொச்சியில் இருந்து மழையோடு வந்து சேர்ந்திருக்கும் பொறியியல் பீட விரிவுரையாளர் அவர்களே, எனக்கு முன் பேசிய வர்த்தக சங்கச் செயலாளர் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் வணக்கம். அதிபர் ஐயாவிடம் நான் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தேன். அவர் இருக்கிற மேடையில் பேசக் கிடைத்தது என் பேறு. செயலாளர் ஐயா பொருள் ஏற்றுமதியை விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் ஆட்களைப் பற்றிப் பேசுகிறேன்.

மூன்று விடயங்கள் சொல்ல வேண்டும். இந்தியாவோடு பேசப்படும் எட்கா என்ற பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கையில் என்ன வரக்கூடும், அது எங்கள் கணினித் துறைப் பிள்ளைகளின் வேலையை எப்படித் தொடும், அரசாங்கத்திடம் நாங்கள் என்ன கேட்கிறோம்.

என் அம்மா ஓயாமல் சொல்லுவா, வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று. இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் அதுதான்.

1998 டிசெம்பரில் இந்தியாவோடு சுதந்திர வர்த்தக உடன்படிக்கை கைச்சாத்தானது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அது பொருட்களுக்கு மட்டும். வனஸ்பதியும் செம்பும் இங்கிருந்து மளமளவென்று போயின. பிறகு இந்தியா கட்டுப்பாடு போட்டது, அந்த ஏற்றுமதி படுத்துவிட்டது. அடுத்து சேவைகளையும் சேர்த்து ஓர் உடன்படிக்கை பேசினார்கள். 2008இல் அது கைச்சாத்தாகாமலே நின்றது. 2016இல் எட்கா பேச்சு கிளம்பியபோது மருத்துவர்களும் தகவல் தொழில்நுட்பத் துறையினரும் கொழும்பில் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். 2024 வரை 14 சுற்றுப் பேச்சு நடந்திருக்கிறது. அந்த ஆண்டு டிசெம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதுடில்லி போனபோது வந்த கூட்டறிக்கையும் பேச்சு தொடரும் என்றது.

சரி, சேவை எப்படி எல்லை தாண்டும்? உலக வர்த்தக அமைப்பின் கணக்கில் நாலு வழி. பெங்களூரில் இருந்தபடியே கொழும்புக் கம்பனிக்கு மென்பொருள் எழுதித் தருவது முதல் வழி. அது இன்றைக்கே நடக்கிறது. வாடிக்கையாளர் அங்கே போய்ச் சேவை பெறுவது இரண்டாவது. மூன்றாவது, கம்பனியே இங்கு வந்து கடை திறப்பது. நாலாவது, ஆள் வந்து வேலை செய்வது. மூன்றும் நாலும் சேரும்போதுதான் எனக்குப் பயம். வருகிற கம்பனி மூத்த நிபுணர் இரண்டு பேரைக் கூட்டி வந்தால் எங்கள் பிள்ளைகள் அவர்களிடம் தொழில் பழகுவார்கள், நல்லது. கூட்டமாகப் புதுப் பட்டதாரிகளையே கூட்டி வந்தால், படித்து முடித்து முதல் வேலை தேடுகிற எங்கள் பிள்ளை எங்கே போகும்? பத்து வருட அனுபவம் உள்ளவருக்கு ஒன்றும் ஆகாது. அடி விழுவது முதல் படியில் நிற்கிறவருக்கு.

இந்தியா மேல் எனக்குக் கோபம் இல்லை. 2022இல் நாங்கள் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றபோது ஏறக்குறைய 400 கோடி டொலர் உதவி தந்த நாடு அது. அந்த நன்றி எனக்கு உண்டு. நன்றி வேறு, கேள்வி கேட்பது வேறு.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மாலை வகுப்பில் படித்த பிள்ளை ஒன்று, வடமராட்சிப் பிள்ளை, மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறா. வர்த்தகப் பேச்சு பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்றுக்குக் கொழும்பில் இருந்து அழைப்பு வந்தது. நானும் அவவும் இன்னும் இரண்டு பேரும் இரவு பஸ் ஏறினோம். அவவின் அம்மா இடியப்பப் பார்சல் நாலு கட்டித் தந்தா. விடிய புறக்கோட்டையில் முகம் கழுவி, சட்டையை நீவி விட்டுக்கொண்டு போனோம். உள்ளே நல்ல குளிர். ஆளுக்கொரு தாள்கட்டு தந்தார்கள், முழுக்க ஆங்கிலம். வாசிக்கப் பத்து நிமிடம். போகும்போது திருப்பித் தர வேண்டுமாம்.

பிள்ளை விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினா. தன் வேலையின் பெயரைத் தேடினா. பெயர் இல்லை, ஓர் எண்தான் இருந்தது: 84. கணினிச் சேவைகளுக்குச் சர்வதேசப் பட்டியலில் உள்ள இலக்கம் அது. எழுந்து நின்று தமிழில் கேட்டா: "ஐயா, இந்த 84 என்பது நானா?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. மேடையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்க்கவும் ஆள் இல்லை. அப்போது மாத்தறைப் பெடியன் ஒருவன் எழும்பினான். கொச்சைத் தமிழ்தான், ஆனால் கேள்வி அவனுக்கு விளங்கியிருந்தது. அதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, "எனக்கும் இதே கேள்விதான், நானும் அந்த 84தான்" என்றான். பதில், "அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது." அவ்வளவுதான். தாள்கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறோம். அந்தப் பிள்ளைக்கு வாய் இருந்தது. கையில் தாள் இருக்கவில்லை.

தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் சொல்லியாயிற்று. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதன் 5ஆம் பிரிவில், முன்கூட்டியே வெளிவந்தால் பொருளாதாரம் பாதிக்கும் என்று மறுக்கக்கூடிய விடயங்களில் வெளிநாட்டு வர்த்தக உடன்படிக்கைகளும் அடங்கும். பேரம் பேசுகிறவர் தன் கைச்சீட்டைக் காட்ட மாட்டார், அது எனக்கு விளங்குகிறது. அதே பிரிவு, பொது நலன் பெரிதென்றால் வெளியிடலாம் என்றும் சொல்கிறது. நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. கைச்சாத்திட முன்னம், எந்தத் துறை திறக்கிறது, எத்தனை பேர், எந்தத் தகுதியோடு, எவ்வளவு காலம் என்ற அட்டவணையை மூன்று மொழியிலும் பாராளுமன்றத்தில் வையுங்கள். எங்கள் பட்டத்தை அங்கே ஏற்பார்களா, எங்கள் பிள்ளைக்குச் சென்னையில் வேலை விசா கிடைக்குமா என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம், மனு மூன்று மொழியிலும் இருக்கிறது. சிங்களப் பிரதியை எழுதித் தந்தது அந்த மாத்தறைத் தம்பி. மேசையில் பேனையோடு இருப்பது அந்தப் பிள்ளைதான். ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்த்துவிட்டே கையெழுத்து வையுங்கள். விளங்காத சொல் இருந்தால் அவவிடம் கேளுங்கள். வணக்கம்.