காத்திருக்கும் கூடமும் காதும்

(சென்னை எழும்பூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நகரத்தில் மனம் ஆறி உட்கார ஒரு பொது இடம் வேண்டும் என்று யாராவது கேட்டால் போதும், உடனே பளபளவென்று டைல்ஸ் பதிப்பார்கள், ஃபால்ஸ் சீலிங் போடுவார்கள், ஏசி மாட்டுவார்கள். சுவரில் ஒரு புத்தர் படமும் வந்துவிடும். (சிரிப்பு) கண்ணுக்கு எல்லாம் சரிதான். காதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

இந்த ஊரின் ஏதாவதொரு பெரிய மருத்துவமனைக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துளை போட்ட ஸ்டீல் நாற்காலி வரிசை, டோக்கன் எண்ணைக் கத்தும் ஸ்பீக்கர், மூலையில் டிவி சீரியல். நாற்காலி காலியாக இருந்தும், நோயாளியோடு வந்த அம்மா வயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் சாய்ந்திருப்பார். "வழியை விட்டு எழுந்திரும்மா" என்று வாட்ச்மேன் விரட்டுவார். அவர் போனதும் அந்த அம்மா மறுபடி அங்கேயே உட்காருவார். அங்கே இரைச்சல் பாதிதான்.

வழவழப்பான டைல்ஸ் தன்மேல் படும் பேச்சொலியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் உறிஞ்சும், மீதியைத் திருப்பி அடிக்கும். 1895-ல் ஹார்வர்டில் இதே தொல்லை. புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கில் சொன்ன சொல் ஐந்து வினாடிக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர், வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். உறிஞ்சும் திறனுக்கு அவர் வைத்துக்கொண்ட அலகு திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஓசை திரும்பி வராது அல்லவா?

இதை மனதில் வைத்து மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைப் பாருங்கள். அங்கேயும் கருங்கல்தான், அதுவும் ஒலியை உறிஞ்சாது. ஆனால் பிரகாரத்துக்கு மேலே வானம், மண்டபத்தின் பக்கம் திறப்பு. மணியோசை எழும்பி வெளியே போய்விடுகிறது. அத்தனை கூட்டத்திலும் தூணடியில் ஒருவர் கண்மூடி உட்கார முடிகிறது. இதோ பக்கத்தில் இருக்கும் கன்னிமாரா நூலகத்தின் 1896-ம் ஆண்டுக் கட்டடத்தில் வழி வேறு. வரிசை வரிசையாக நிற்கும் புத்தகங்களே சத்தத்தைத் தின்றுவிடும்.

'ஜன்னலைத் திறந்தால் அண்ணா சாலை ஹாரன் உள்ளே வருமே?' வரும். கொசுவும் வரும், மே மாத வெக்கையும் வரும். அதனால்தான் நம் பழைய வீடுகள் தெருப்பக்கம் ஒடுங்கி, முற்றத்தின் பக்கம் திறந்துகொண்டன. ஏசி இல்லாமல் முடியாது என்கிற இடத்தில் கூரைக்கு நார்ப் பலகை அடிக்கலாம். பொள்ளாச்சியில் தென்னை நாருக்குப் பஞ்சமா என்ன?

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். 6500 கெல்வின், அதாவது நீலம் பாய்ந்த வெள்ளை எல்இடி, மீன் மார்க்கெட்டுக்கு நல்லது. உட்கார்ந்து யோசிக்கும் இடத்துக்கு மஞ்சள் கலந்த 3000 போதும்.

ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதும் முக்கியம். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரை வைத்து ரோஜர் உல்ரிச் 1984-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. நம் கட்டடங்களில் ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர்தான் தெரியும். அந்த இடத்தில் ஒரு புங்கை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

கிளினிக்கோ வங்கியோ நடத்துகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். நாளைக் காலை ஆள் வருமுன் கூடத்தின் நடுவே நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ஓசை சுற்றினால் முதலில் டிவியை அணையுங்கள். டோக்கன் எண்ணைப் பலகையில் காட்டுங்கள். பார்வையில்லாதவருக்கும் எழுத்துத் தெரியாதவருக்கும் ஊழியர் ஒருவர் பக்கத்தில் போய்ச் சொல்லட்டும். நார்ப் பலகை டெண்டரை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.