சீயக்காய்த் தண்ணீரில் ஒரு புத்தாண்டு | சியாங் மாய் சோங்கிரான் வ்லாக்

வணக்கம் மக்களே. இன்று ஏப்ரல் 16. வட தாய்லாந்தின் சியாங் மாயில் நான் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையிலிருந்து பேசுகிறேன். வழக்கமாக நடந்துகொண்டே பேசுவேன், உங்களுக்கே தெரியும். இன்று உட்கார்ந்து சொல்ல வேண்டிய விஷயம். நேற்று இந்த வீட்டில் ஒரு பொருளைப் பார்த்தேன். சீயக்காய்! நம் வீட்டுச் சீயக்காயேதான். இரவெல்லாம் தூக்கமே வரவில்லை.

அதற்கு முன்னால் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். தாய்லாந்துப் புத்தாண்டான சோங்கிரானுக்குப் போகிறேன் என்று போன வீடியோவில் சொன்னதும் உங்களில் பாதிப் பேர் கேட்டது, "அக்கா, தண்ணித் துப்பாக்கி வாங்கியாச்சா?" வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். பாங்காக்கில் காவோ சான் சாலையில் எடுக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, இதுதான் திருவிழா என்று ஆகிவிட்டது. இங்கேயும் பழைய நகரத்தைச் சுற்றியுள்ள அகழியோரம் அதே கூத்துதான். டிரம்மில் பனிக்கட்டிப் பாளங்களைப் போட்டு, அந்தத் தண்ணீரை முதுகில் ஊற்றுகிறார்கள். எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. ஓடும் பைக்கின் மீது வாளியோடு வீசுவது இன்னும் மோசம். புத்தாண்டை ஒட்டிய ஒரு வாரத்தை இந்த ஊர்க்காரர்கள் 'ஏழு ஆபத்தான நாட்கள்' என்றே சொல்கிறார்கள். சாலையில் அத்தனை பேர் சாகிறார்கள். தயவுசெய்து வண்டிமேல் வீசாதீர்கள்.

சரி, விழாவுக்கு வருகிறேன். சோங்கிரான் என்பது நம் சங்கராந்தி என்ற சொல்தான். சூரியன் மேஷத்துக்குள் நுழைவது, அதாவது நம் சித்திரைப் பிறப்பு. அரசுக் கணக்கில் 1941 முதல் ஜனவரி 1தான் ஆண்டின் முதல் நாள். மனக்கணக்கில் புத்தாண்டு இன்னும் இதுதான். 2023இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

முதல் நாள், 13ஆம் தேதி, வாட் பிரா சிங் கோயிலின் புத்தர் சிலையைத் தா பே சாலை வழியாக ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் மக்கள் கிண்ணத்தில் வாசனைத் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றார்கள். தேர் பக்கத்தில் வந்ததும் மெதுவாகத் தெளிக்கிறார்கள்.

அடடா, கிண்ணம்! அதைச் சொல்லவே இல்லையே. 12ஆம் தேதி வாரோரோட் சந்தையில் வாங்கினேன். வெள்ளி போலப் பளபளக்கும் அலுமினியக் கிண்ணம், சுற்றிலும் பூவேலை. கடைக்கார அம்மா 120 பாட் என்றார். நான் 70 என்றேன். கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி 110 அடித்தார். நான் 75 அடித்தேன். அவர் 100. பக்கத்துக் கடைப் பெண்ணும் வந்து நின்றுவிட்டார். நடக்கத் தொடங்கினேன், கூப்பிட்டார். 80 பாட்! மேலே ஒரு முழம் மல்லிகையும் இலவசம். இந்தப் பயணத்தில் நான் வாங்கியதிலேயே மிகச் சிறந்த பொருள் இதுதான். கையில் பிடித்தால் அவ்வளவு லேசு, இதோ பாருங்கள், விளிம்புகூடக் கையைக் கீறாது.

அதே சந்தைக்கு வெளியே வாங்கிய போன் உறைதான் காலை வாரிவிட்டது. தண்ணீர் புகாது என்று சொல்லி 150 பாட். ஊர்வலம் முடிந்து பார்த்தால் உள்ளே கால் டம்ளர் தண்ணீர். போன் பிழைத்தது, மைக் போய்விட்டது. ஊர்வலத்தின் ஒலி முழுவதும் பாழ். அதனால்தான் அந்த வீடியோ வரவில்லை.

மறுநாள் காலை உறை விற்றவரிடம் சண்டை போடக் கிளம்பினேன். வீட்டுக்காரரின் அம்மா தடுத்துவிட்டார். இங்கே வயதான பெண்களை 'மே உய்' என்று கூப்பிடுகிறார்கள், நம் ஆத்தா மாதிரி. 14ஆம் தேதிக்கு 'வான் நாவ்' என்று பெயராம். அன்று யாரையும் திட்டக் கூடாது. திட்டினால் ஆண்டு முழுவதும் வாய் நாறும் என்று கையால் வாயைப் பொத்திக் காட்டினார். கடைக்குப் போகவில்லை. அவரோடு மணல் சுமக்கப் போனேன்.

ஆமாம், மணல். ஆண்டு முழுவதும் நம் காலில் ஒட்டிக் கோயில் மண் வெளியே போய்விடுகிறது இல்லையா, அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வாளி வாளியாகக் கொட்டி, கோபுரம் மாதிரிக் குவித்து, வண்ணக் காகிதக் கொடிகளைச் செருகுகிறார்கள். அந்தக் கொடிக்குப் பெயர் 'துங்'. நான் நான்கு வாளி சுமந்தேன்.

இனிதான் சீயக்காய். 15ஆம் தேதி, 'பாயா வான்'. பெரியவர்களிடம் மன்னிப்பும் ஆசியும் கேட்கும் நாள். காலையில் மே உய் அடுப்படியில் ஏதோ சுடுகிறார். வாசனை வந்த நொடியிலேயே எனக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஞாபகம் வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தணலில் பழுப்பு நிறக் காய்கள், முடிச்சு முடிச்சாக. இங்கே அதற்குப் பெயர் 'சோம் போய்'. சுட்ட காயை ஒடித்துத் தண்ணீரில் போட்டு, காய்ந்த பூக்களையும் தூவினார். தண்ணீர் மெல்ல மஞ்சளானது.

என் 80 பாட் கிண்ணத்தில்தான் அதை ஊற்றிக்கொண்டார்கள்! பேரப்பிள்ளைகள் வரிசையாக மண்டியிட்டு, மே உய்யின் கூப்பிய கைகள்மேல் ஊற்றினார்கள். என்னையும் கூப்பிட்டார். கை நடுங்கியது. விரல் இடுக்கு வழியாக ஒழுகிய தண்ணீரை வழித்துத் தன் நரைத்த தலையில் தடவிக்கொண்டார். பிறகு என் உச்சியில் ஈரக் கையை வைத்து நீளமாக ஏதோ சொன்னார், ஒரு சொல்லும் புரியவில்லை, அழுதுவிட்டேன். இந்தச் சடங்குக்கு 'தாம் ஹுவா' என்று பெயர். அப்படியென்றால் தலை அலசுவது என்று பேரன் சொன்னான். தலை அலசுவது, மக்களே! சீயக்காயால்!

ஒன்று விட்டுவிட்டேன். துறவிகள்மேல் தண்ணீர் வீசக் கூடாது. கோயிலுக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடிய துணி கட்டாயம், ஆகவே ஒரு மாற்று உடை எடுத்து வையுங்கள்.

இதோ, மே உய் கூப்பிடுகிறார். இன்று விழாவின் நான்காம் நாள், 'பாக் பீ', வீட்டுக்கு வீடு பலாக்காய்க் குழம்பு. பலாவுக்கு இங்கே வழங்கும் பெயரிலேயே 'நுன்' இருக்கிறது, தாங்கிப் பிடிப்பது என்று அர்த்தம். ஆண்டு முழுவதும் தாங்கும் என்று சாப்பிடுகிறார்கள். எனக்கு இரண்டு கிண்ணம் வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டேன். வருகிறேன்.